உம்மா மட்டுமே தெரபிஸ்ட் அல்ல

ஒன்றரை வயதாகியும் பிள்ளை நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் பேசவில்லை என்றால் நம் குடும்பங்களில் முதலில் விசாரிக்கப்படுவது உம்மாதான். "போனைக் கொடுத்துக் கெடுத்தாயா?" என்பார்கள். பிறகு தெரபியும் அவள் தலையிலேயே விழுகிறது. வாப்பா வளைகுடாவில் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

தெரபிஸ்ட் பிள்ளையைப் பார்ப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான். அதனால் வீட்டுப் பயிற்சி அவசியம். அதற்காகப் பிள்ளையைத் தனியே உட்கார வைத்து அழவிட வேண்டியதில்லை. சட்டை போடும்போது "கையைத் தா" என்று சொல்லிவிட்டு, கை நீளும்வரை சற்றுப் பொறுப்பதும் பயிற்சிதான். பாலையும் தண்ணீரையும் காட்டி "எது வேண்டும்?" என்று கேளுங்கள், விரலை நீட்டினாலும் அது பதில்தான். கை கால் இறுக்கமுள்ள பிள்ளைக்கு மட்டும் பிசியோதெரபிஸ்ட் காட்டித் தந்தபடியே செய்ய வேண்டும். யூடியூப் பார்த்து இழுக்கக் கூடாது.

இவற்றில் உம்மாவால் மட்டுமே முடிந்தது எது? நன்னி சோறூட்டும்போது செய்யலாம், ராத்தா விளையாடும்போது செய்யலாம். வாப்பா வீடியோ காலில் தினமும் ஒரே படப் புத்தகத்தைக் காட்டிப் பேசலாம். அந்த அரை மணி நேரம் உம்மா தூங்கட்டும்.

தூக்கமின்மை, ஓயாத அழுகை, பிள்ளைமீதே வெறுப்பு ஆகியவை இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டும். அதை ஈமான் குறைவு என்று சொல்லி அவளை மேலும் நோகடிப்பது அநியாயம். அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மத்திய அரசின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தெரபிச் செலவும் அதில் சேரும்.