அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும்

பழைய கணினி முனையங்களைப் போல இயங்கும் நிரல்களில், எழுத்துக்கு நிறமூட்டுவன எண்களாலான கட்டளைகளே. ஈ.சி.எம்.ஏ. 48 என்னும் நியமம் 30 முதல் 37 வரையுள்ள எண்களால் எட்டு நிறங்களைக் குறித்தது. மேலதிக நிறங்களுக்கு 38ஆம் எண்ணை ஒதுக்கி, அதன் விளக்கத்தை ஐ.எஸ்.ஓ. 8613-6 என்னும் வேறொரு நியமத்திற்கு விட்டது.

அந்நியமம் 38ஐயும் அதனைச் சார்ந்த எண்களையும் முக்காற்புள்ளியாற் பிணைக்கச் சொல்கிறது. நிரல் எழுதினோர் பலரோ அரைப்புள்ளியை இட்டனர். இதனால் என்ன கேடு? அரைப்புள்ளி தனித்தனிக் கட்டளைகளைப் பிரிப்பதற்குரியது. சான்றாக, 38;5;1 என்பது சிவப்பு நிறத்தைக் கருதி எழுதப்படுவது. 38இன் பொருளறியாத முனையம் அதனை மட்டும் தள்ளிவிட்டு, 5ஐ ‘மினுங்குக’ என்றும், 1ஐ ‘தடித்துத் தோன்றுக’ என்றும் கொள்ளும். சிவக்க வேண்டிய சொல் தடித்து மினுங்கும். 38:5:1 என எழுதின், மூன்றும் ஒரே கட்டளையாதலின், அறியாத முனையம் முழுவதையும் விலக்கிவிடலாம்.

எனினும் வழுவே வழக்காயிற்று. அரைப்புள்ளியிட்ட நிரல்கள் பெருகிவிட்டமையால், எக்ஸ்டேர்ம் போன்றவை இன்று இரண்டையும் ஏற்கின்றன. நியமத்தை வகுத்தால் மட்டும் போதாது. அதனை ஆக்குவோர் அனைவரும் ஒருபடித்தாய் வாசித்தல் வேண்டும். அதுவரை, முனையத்தை ஆக்குவோர் இரண்டையும் ஏற்பதே பயன்படுத்துவோர்க்கு நன்மையாகும்.