தூய்மைப் பழக்கமும் துன்புறும் பிள்ளைகளும்

தூய்மையே ஒழுக்கத்தின் முதற்படி என்பது நம் கல்லூரிகள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் கொள்கை. வாரிய தலை, வெட்டிய நகம், துலக்கிய பல், வெளுத்த உடை ஆகியவற்றை ஆசிரியர் காலையில் நோக்கி வருவதும், குறை கண்டவிடத்துக் கண்டிப்பதும் பழைய மாணவர் எவரும் மறவாத காட்சிகள். கொள்கையிற் பிழையில்லை. ஆயினும், அதனைச் சில பிள்ளைகளிடத்துச் செலுத்தும் முறையில் நாம் பிழைபட்டதுண்டு.

ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், ஒரு பாடசாலையிலே, காதை மறைக்கும் மயிரோடு வந்த சிறுவன் ஒருவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினோம். மூன்றாம் நாள் அவன் தாயார் வந்தார். “ஐயா, அவன் குழப்படிக்காரன் இல்லை. கத்தரிக்கோல் காதுக்குக் கிட்ட வந்தால் நெருப்புச் சுட்டதுபோலக் கத்துறான். நித்திரையாய்க் கிடக்கும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாய் வெட்டுறனான்” என்றார். விடையிறுக்க வகையின்றி நின்றோம். நாம் கற்றவற்றுள் இதற்கு விளக்கம் இருக்கவில்லை. பின்னரே தேடிக் கற்றோம்.

உயிர்களை அறிவின்வழி வகுத்த தொல்காப்பியர் தொடுவுணர்வையே முதலறிவாக வைத்தார். இக்கால உடலியலார், ஐம்புலன்களோடு, உட்செவியால் உடலின் சமநிலையை அறிதலையும், தசை மூட்டுக்களால் உறுப்புக்களின் நிலையை அறிதலையும் சேர்த்துக் கூறுவர். இவை தரும் செய்திகளுள் வேண்டுவன கொண்டு வேண்டாதன தள்ளுதல் மூளையின் பணி. உடுத்த சட்டை உடலிற் படுவதை நாம் கணந்தோறும் உணராதிருப்பது இதனாலேயே. சில பிள்ளைகளிடத்து இப்பணி செவ்வனே நிகழ்வதில்லை. மெல்லிய தீண்டலும் அவர்க்கு முள்ளாகும். மயிர்வெட்டும் மின்கருவியின் இரைச்சல் இடியாகும். பற்பசையின் காரம் தாங்கொணாததாகும்.

இதனை ஆராய்ந்து 1972இல் நூல் வெளியிட்டவர் அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஏயர்ஸ். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, புலனுணர்வின் மிகுதி குறைவுகளை ஓட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால், ஓட்டிசம் இல்லாத பிள்ளைகளிடத்தும் இவை காணப்படும். இதனைத் தனிநோயாகக் கொள்வதில் மருத்துவர் ஒருமித்த கருத்தினர் அல்லர். பெயர் எதுவாயினும், பிள்ளை படும் துன்பம் மெய்யே.

இனி, வீட்டிற் செய்யத்தக்கன சில கூறுவாம். இத்தகைய பிள்ளைகள் பலர்க்கு மெல்லத் தடவுதலினும் அழுந்தப் பிடித்தல் இதமானது. ஆகவே தலை வாருமுன் உள்ளங்கையால் உச்சியை அழுத்திவிடுக. எண்ணெய் தேய்க்குங்கால் விரல்நுனியால் வருடாது முழுக்கையால் தேய்க்க. தலையைப் பின்னே சாய்த்து நீர் வார்ப்பின் சமநிலை குலைந்து சிலர் அஞ்சுவர். நிமிர்ந்திருக்கச் செய்து, மடித்த துவாயைக் கண்மேற் பிடிக்கக் கொடுத்து வார்க்கலாம். முழுகியபின் நகம் இளகியிருக்கும். அப்பொழுதே, ஒருநாளைக்கு இரண்டு மூன்று விரலாக வெட்டுக. பல் துலக்க மென்மையான தூரிகையும் காரமற்ற பசையும் கொள்க. கண்ணாடிமுன் நின்று தானே துலக்கும் பிள்ளைக்கு அச்சம் குறையும். அடுத்த தீண்டல் எப்போது எங்கே படும் என்பதை அது முன்னறியுமன்றோ?

முடிதிருத்துதலே பெருஞ் சோதனை. கூட்டமில்லா வேளையிற் கடைக்குச் செல்க. முதல்நாள் இருக்கையில் இருந்து வருதலே போதும். மறுமுறை கருவியின் ஒலியைத் தூரநின்று கேட்கட்டும். வெட்டும்போது, “பத்து எண்ணியதும் நிறுத்துவோம்” எனக் கூறின், பத்தில் நிறுத்தவே வேண்டும். ஒருமுறை ஏமாற்றின் பலநாள் நம்பிக்கை பாழாகும். கழுத்தில் ஒட்டிய மயிரை உடனே துடைத்து, வேறு சட்டை அணிவிக்க. செய்யும் ஒழுங்கைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுதலும் நன்று. இவ்வளவு செய்தும் துன்பம் தணியாதாயின், மருத்துவரையும் தொழில்வழிச் சிகிச்சையாளரையும் நாடுதல் வேண்டும்.

பிடிவாதம் எல்லாம் புலனுணர்வின் குறையெனக் கூறோம்; தூய்மையைக் கைவிடுமாறும் வேண்டோம். தண்டிக்குமுன் ஒருகால் வினவுக என்பதே நம் வேண்டுகோள். விழா மலரைக் கையேந்தும் பழைய மாணவருட் பலர் இன்று தந்தையர், சிலர் ஆசிரியர். நாம் வினவாது அனுப்பிய அச்சிறுவனைப்போல் இன்னொருவன் உங்கள் வாயிலில் நின்று திரும்பாதிருப்பானாக.