பதவி போன பிறகு

நம்மவர் வீட்டில் ஒருவர் உத்தியோகத்திலிருந்து 'ரிடையர்' ஆகிவிட்டால், மறுநாளே திண்ணையில் சாய்வு நாற்காலி ஒன்று இடம்பிடித்துவிடுகிறது. காலையில் பத்திரிகை, மாலையில் கோயில், இடையே மருமகள் போட்ட காப்பியைப் பற்றி ஓர் அபிப்பிராயம். இவ்வளவுடன் அவருடைய பொறுப்புத் தீர்ந்தது. செட்டிநாட்டு ஆச்சிமாரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மணமான மகனை 'வேறு வைத்து', ஒரே வீட்டுக்குள் அவனுக்குத் தனி அடுப்புக் கொடுத்துவிடும் வழக்கமுள்ள நாடு இது. மகன் கோடீசுவரனானாலும் ஆச்சி தம் அடுப்பைத் தாமே மூட்டுவார். ஓய்ந்த வேளையில் சாயமேற்றிய பனையோலையை மடியில் வைத்துக்கொண்டு கொட்டான் முடைவார். செட்டிநாட்டுக் கொட்டானுக்கு இப்போது புவிசார் குறியீடுகூடக் கிடைத்திருக்கிறது. முடைந்த கைகளின் பெயரைத்தான் எந்தக் கொட்டானிலும் காணோம்.

சில மாதங்களுக்கு முன் பள்ளிக்கூட வேலையாகக் காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கன்னியர் மடத்துக்குப் போயிருந்தோம். பின்கட்டுத் தாழ்வாரத்தில் மூத்த சகோதரிகள் மூன்று பேர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். நெடுங்காலம் தலைமையாசிரியையாக இருந்தவர். அப்பொழுது மடத்துத் தலைவி உள்ளிருந்து வந்து, "சிஸ்டர், மாடியில் படுத்திருப்பவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டுமே" என்றார். "இதோ மதர்" என்று சொல்லிக்கொண்டு, முழங்காலில் கை ஊன்றி எழுந்தார் பெரியவர். தலைவிக்கு வயது நாற்பதைத் தாண்டியிராது. அவர் இந்தப் பெரியவரிடமே ஐந்தாம் வகுப்புப் படித்தவர் என்று பிறகு தெரிந்தது. மடங்களில் தலைமைப் பதவி இத்தனை ஆண்டு என்று கெடு வைத்துக் கொடுக்கப்படுவது. கெடு முடிந்ததும் நேற்றுத் தலைவியாக இருந்தவர் இன்று மற்றவர்களோடு பந்தியில் உட்கார வேண்டியதுதான்.

"உங்கள் மாணவி உங்களுக்கு உத்தரவு போடுகிறாரே?" என்று கேட்டுவிட்டோம். கேட்டிருக்கக் கூடாதுதான். "அவங்களுக்கு அப்பவே கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் கஞ்சிப் பாத்திரத்துடன் படியேறிப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் பிரான்சு தேசத்து ழான் ழுகான் அம்மையாரின் சரித்திரம் நமது நினைவுக்கு வந்தது. ஏழை முதியோரைப் பராமரிக்கும் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்ற சபையை உண்டாக்கியவர் அவர். இச்சபை 1882-ல் கல்கத்தாவுக்கு வந்து முதியோர் இல்லம் திறந்தது. சென்னைச் சேத்துப்பட்டில் ஹாரிங்டன் ரோடு வழியாகப் போகிறவர்களும் இவர்களுடைய இல்லத்தைப் பார்த்திருக்கக் கூடும்.

ழான் 1792-ல் பிரிட்டனி கடற்கரையில் கான்கால் என்னும் ஊரில் பிறந்தார். செம்படவரான தகப்பனார் கடலோடு போய்விட்டார். பதினாறு வயதில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலைக்கு அமர்ந்தார் பெண். விவாகம் செய்துகொள்ளவில்லை. 1839-ஆம் வருஷக் குளிர்காலத்தில், கண் பார்வை இழந்து பாதி உடம்பு விழுந்துபோன ஒரு கிழவியைத் தம் ஜாகைக்கு எடுத்து வந்தார். மாடிப்படியில் அவளை முதுகிலே சுமந்து ஏற்றித் தம் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, தாம் மேல் பரணில் படுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. அதன்பின் கிழவிகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ழான் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். 1845-ல் பிரெஞ்சு அகாடமி அவருக்கு 3,000 பிராங்கு பரிசளித்தது.

ஆனால் அதற்கு முன்பே அவருடைய ஸ்தானம் பறிபோயிருந்தது. 1843 டிசம்பரில் சகோதரிகள் அவரை மறுபடி தலைவியாகத் தேர்ந்தெடுத்தபோது, சபைக்கு வழிகாட்டியாக இருந்த லெ பையர் என்ற பாதிரியார் அதைத் தள்ளிவிட்டு, வயதில் மிக இளைய ஒரு சகோதரியைத் தலைவியாக்கினார். 1852-ல் ழான் தாய்மடத்துக்கு வரவழைக்கப்பட்டார். தானம் கொடுப்பவர்களோடு இனி எந்தத் தொடர்பும் கூடாது என்று உத்தரவு. அன்று தொடங்கி 1879 ஆகஸ்டு 29-ல் மரிக்கும் வரை இருபத்தேழு வருஷம், புதிதாகச் சேர்ந்த இளம்பெண்களோடு கைவேலை செய்துகொண்டும் அவர்களுக்கு வேலை பழக்கிக்கொண்டும் அங்கேயே இருந்தார். கூட இருந்த பெண்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கிழவிதான் சபையை உண்டாக்கியவர் என்பதே தெரியாது. ஸ்தாபகர் தாமே என்று அந்தப் பாதிரியார் சொல்லிவந்தார். அவர் மரிக்கும்போது சபையில் 2,400 சகோதரிகள் இருந்தார்கள்.

இதைப் பொறுமை என்று புகழ்ந்துவிட்டுப் போவது நமக்குச் சம்மதமில்லை. அவருக்குச் செய்யப்பட்டது அநியாயம். 1890-ல் ரோமாபுரியே அந்தப் பாதிரியாரைப் பதவியிலிருந்து விலக்கியது. 2009 அக்டோபர் 11-ல் ழானுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. நம்மை வியக்க வைப்பது வேறொன்று: அத்தனை வருஷமும் அவர் வேலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்பதுதான்.

மூத்த சகோதரிகளின் அன்றாட வாழ்வு விஞ்ஞானிகளையும் இழுத்திருக்கிறது. 1986-ல் அமெரிக்காவில் டேவிட் ஸ்நோடன் என்ற ஆராய்ச்சியாளர், எழுபத்தைந்து வயது கடந்த 678 கத்தோலிக்கச் சகோதரிகளை ஆராயத் தொடங்கினார். ஒரே உணவு, ஒரே வகை வாழ்க்கை என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. ஆண்டுதோறும் ஞாபகசக்திப் பரீட்சைக்கு உட்காருவதோடு, மரித்தபின் தங்கள் மூளையையும் ஆராய்ச்சிக்குத் தர எல்லோரும் சம்மதித்தார்கள். ஆசிரியைகளாக இருந்தவர்களே பெரும்பாலோர். கடைசியாகவும் பாடம் நடத்தவே ஒப்புக்கொண்டார்கள் போலும்! 'சகோதரி மேரி' என்று கட்டுரைகளில் குறிக்கப்படுபவர் எண்பத்துநான்கு வயது வரை கற்பித்து, 101-வது வயதில் மரித்தார். கடைசிவரை பரீட்சைகளில் தெளிவாக விடை சொன்ன அவருடைய மூளையில் அல்ஜைமர் நோயின் அடையாளங்கள் நிறைந்திருந்தனவாம். காரணம் இன்னதென்று நாம் அடித்துச் சொல்வதற்கில்லை.

மறுபடி ழானுக்கு வருவோம். தாய்மடத்தில் ஒதுங்கியிருந்த காலத்தில் ஒரே ஒரு முறை அவரை ஆலோசனைக்கு அழைத்தார்கள். அது 1865-ஆம் வருஷம். வருஷந்தோறும் நிலையான வருமானம் தரக்கூடிய ஒரு சொத்தை ஏற்கலாமா என்ற கேள்வி. பெரும் தொகை, சபையோ வளர்ந்துகொண்டிருந்தது. வேண்டாம், அன்றன்று கிடைப்பதை நம்பியே இருப்போம் என்றார் அவர். சபையும் அப்படியே தீர்மானித்தது. கீழே அவரும் கையெழுத்திட்டார். பிறகு இளம்பெண்களிடம் திரும்பிப் போய்விட்டார். நிலையான வருமானம் வைத்துக்கொள்ளாமல் தானத்தை நம்பியே இல்லம் நடத்துவது இன்றும் அந்தச் சகோதரிகளின் வழக்கம்.