பக்கத்துத் தோல் தரும் மூக்கு

மூக்கு நுனியில் வந்த தோல் புற்றை வெட்டி எடுத்தாயிற்று. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குழி. அங்கே தோல் இறுக்கம். இழுத்துத் தைத்தால் நாசித்துவாரம் கோணிவிடும். வேறு இடத்துத் தோலைச் சீவி ஒட்டினால் நிறமும் தடிமனும் ஒத்துவருவது அரிது. அப்படி ஒட்டிய தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டமும் கிடையாது.

இங்கேதான் பிளாஸ்டிக் சர்ஜன்கள் தோல் மடலை நாடுகிறார்கள். பக்கத்துத் தோலின் ஒரு பக்கத்தை மட்டும் உடம்போடு விட்டுவிட்டு, மற்றதை அறுத்து, அடியிலுள்ள கொழுப்போடு தூக்கிக் குழியின்மேல் திருப்புவார்கள். அறுபடாத அந்தப் பக்கம்தான் மடலின் அடி. ரத்தம் அதன் வழியாகத்தான் வரும். மடலை எவ்வளவு திருப்பலாம் என்ற கோணக் கணக்கெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டதே.

எளிமையானது சுழல் மடல். முக்கோணமாகத் திருத்திய குழியின் விளிம்பிலிருந்து அரைவட்டமாக ஒரு கீறல். உள்ளே இருக்கும் தோல் மொத்தமும் வளைந்து நகர்ந்து குழியை மூடும். கீறலின் நீளம் குழியின் அகலத்தைப்போல் நான்கைந்து மடங்கு இருக்கும். சின்னப் புண்ணுக்கு இத்தனை பெரிய வெட்டா என்று நோயாளி மலைப்பார். இழுவிசை அந்த நீளம் முழுக்கப் பரவினால்தான் தையல் தாங்கும். உச்சந்தலைக்கும், நெடுநாள் படுத்தவர்களுக்கு முதுகின் கீழே வரும் படுக்கைப்புண்ணுக்கும் இது கைகொடுக்கிறது. மடல் எட்டாவிட்டால் அடியில் ஒரு சிறு குறுக்கு வெட்டு அதை இளக்கும். ரத்தம் வரும் வழியும் அந்த அளவுக்குக் குறுகும்.

வேறு சில மடல்கள் இடையிலுள்ள நல்ல தோலைத் தாண்டிப்போய் உட்காரும். சோவியத் சர்ஜன் லிம்பெர்க்கின் சாய்சதுர மடல் அப்படிப்பட்டது. மூக்கு நுனிக்கு ஏற்றது இரட்டை இதழ் மடல். எனக்கு இவற்றில் மிக அழகானதாகத் தோன்றுவதும் அதுதான். முதல் இதழ் குழியை மூடும். அது விட்ட இடத்தைச் சற்றுச் சிறிய இரண்டாம் இதழ் மூடும். இரண்டாவது விட்ட இடம் மூக்கின் மேற்பகுதி. அங்கே தோல் தளர்வு, நேராகத் தைத்துவிடலாம். 1918இல் டச்சு சர்ஜன் எஸ்ஸர் இதை வெளியிட்டபோது இதழ்களை மொத்தம் 180 பாகை திருப்பினார். அடியில் தோல் புடைத்து நின்றது. 1989இல் அமெரிக்கரான சிட்டெல்லி அதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். புடைப்பு அடங்கியது.

மூக்கே போனவருக்குத் தோல் தருவது நெற்றி. இது நம் நாட்டு வித்தை. திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்ட, ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டிக்காரர் கவாஸ்ஜிக்குப் புனே அருகே இப்படி மூக்கு வைத்த செய்தி 1794இல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்தது. அதைப் பின்பற்றி கார்ப்யூ என்ற ஆங்கில சர்ஜன் 1814இல் லண்டனில் அதே அறுவையைச் செய்தார். இன்றும் புருவத்தருகே வரும் ரத்தக்குழாயோடு நெற்றித் தோலை எடுத்துத் திருப்புகிறார்கள். சுமார் மூன்று வாரத்தில் மூக்கிலிருந்தே புது ரத்தக்குழாய்கள் மடலுக்குள் வளர்ந்துவிடும். அதன்பிறகே இணைப்புக் காம்பை வெட்டுவார்கள்.

மடல் கறுத்துச் செத்தால், பெரும்பாலும் அடியிலிருந்து தூரத்திலுள்ள நுனியில்தான். நிகோட்டின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கி அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. வீட்டில் யாருக்காவது இந்த அறுவை என்றால், சில வாரங்களுக்கு முன்பே பீடி, சிகரெட், புகையிலை எல்லாவற்றையும் நிறுத்த வையுங்கள். புண் ஆறும்வரை அவற்றைத் தொடவும் விடாதீர்கள்.