செம்பனைக் காட்டுக் கொடிக்கு சோயா உறவா?

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கொடிகளைத் தெரியாமல் இருக்காது. பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்ததும், இளங்கன்றுகளுக்கு இடையே மண்ணே தெரியாதபடி அவை படர்ந்து கிடக்கும். கன்றின்மேல் ஏறாமல் கொடியை வெட்டிவிடுவதே தனி வேலை. மலேசியாவில் வாணிப முறையில் செம்பனை முதன்முதலாக 1917-இல் பயிரிடப்பட்ட தென்னமாரம் தோட்டமும் இந்த வட்டாரத்தில்தான் உள்ளது.

அவை களைகள் அல்ல. விலைக்கு வாங்கி விதைக்கப்படுபவை. மழையில் மண் அரித்துப் போகாமல் காக்கின்றன. அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள், காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகின்றன. எல்லாமே அவரைக் குடும்பம். ஆனால், ஒரே குடும்பம் என்பதால் எல்லாம் உடன்பிறப்புகள் ஆகிவிடுமா?

இலைக்குள் ஒரு பதிவேடு

முன்பு பூ, இலை, காய் ஆகியவற்றைப் பார்த்தே உறவு சொல்லப்பட்டது. இன்று பசுங்கணிகமும் சாட்சி சொல்கிறது. இலைக்குப் பச்சை நிறம் தந்து, வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கும் நுண்ணுறுப்பு அது. அதற்கெனச் சொந்தமாக ஒரு சிறிய டி.என்.ஏ. உண்டு. பெரும்பாலான செடிகளில் அது தாய்வழியாகவே இறங்குகிறது. சோயாவில் அதன் நீளம் 152,218 'எழுத்துகள்'.

தோட்ட அலுவலகத்தில் பழைய பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துப் புதியதை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெயர் பிழையானால், அதைப் பார்த்து எழுதிய ஏடுகளிலும் அதே பிழை தொடரும். பிழைகளை ஒப்பிட்டால் எந்த ஏடு எதிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். டி.என்.ஏ. ஒப்பீடும் அப்படித்தான்.

சில மாற்றங்கள் மிகப் பெரியவை. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றில் ஏறத்தாழ 78,000 எழுத்துகள் கொண்ட துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. சோயாவில் அது இல்லை. கொண்டைக்கடலையின் பசுங்கணிக டி.என்.ஏ.வில் 125,319 எழுத்துகளே உள்ளன. மற்றவற்றில் இருமுறை வரும் ஒரு பெரும் பகுதி, இதில் ஒருமுறைதான் வருகிறது. பட்டாணியிலும் மைசூர்ப் பருப்பிலும் இதே நிலைதான். எனவே மூன்றும் ஒரே கிளை.

மூன்று கொடி, மூன்று வழி

தோட்டத்தில் பூரேரியா எனப்படும் கொடி, நெடுங்காலம் கிழக்காசியாவின் குட்சு கொடியோடு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. பசுங்கணிக மரபணுவையும் செல்லின் கருவிலுள்ள மரபணுவையும் ஒப்பிட்டபோது, இரண்டும் சோயாவின் பெருங்கிளையைச் சேர்ந்தவை, ஆனால் வெவ்வேறு பிரிவுகள் என்று தெரிந்தது. 2015-இல் தோட்டக் கொடி 'நியூஸ்டாந்தஸ்' என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. சென்ட்ரோசீமா கொடியோ சங்குப்பூவின் உறவு. 1991-இல் கேரளாவிலிருந்து வந்த முக்குனா பிராக்டியேட்டா, பூனைக்காலியின் இனம்.

பெயர் மாறினால் தோட்டத்துக்கு என்ன? குட்சுவைப் பற்றிக் கண்டறிந்ததை அப்படியே பூரேரியாவுக்குப் பொருத்திவிட முடியாது. புதிய பெயரை மட்டும் தேடுபவர், பழைய பெயரில் பதிவான பல்லாண்டு அனுபவத்தைத் தவறவிடுவார். நோய் தாங்கும் குணத்தைக் காட்டு உறவிலிருந்து பயிருக்குக் கொண்டுவரவும், நெருங்கிய உறவு எது என்று தெரிந்தாக வேண்டும்.

பசுங்கணிகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது தாய்வழியை மட்டுமே சொல்லும். இரண்டு இனங்கள் எப்போதோ கலந்திருந்தால், தந்தைவழி அதில் தெரியாது. அதனால்தான் கருவிலுள்ள மரபணுக்களையும் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

மாடு எந்தக் கொடியைத் தின்னும், எதை ஒதுக்கும், எது நிழலில் நிலைக்கும் என்பது எந்த டி.என்.ஏ. பட்டியலிலும் எழுதப்பட்டிருக்காது. அது தோட்டத்தில் உழைத்த பாட்டிமார், தாத்தாமாருக்குத் தெரியும். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அதைக் கேட்டு எழுதி வைத்தால், அதுவும் ஒரு பதிவேடுதான்.