கைமாறும் இசைக்கருவிகள்

ஒரு வீட்டின் அலுமாரிக்கு மேல் வயலின் பெட்டியொன்று பல்லாண்டுகளாகக் கிடக்கின்றது. அதனை வாசித்த கை ஓய்ந்துவிட்டது. எடுத்து வாசிப்பார் அவ்வீட்டில் இப்பொழுது எவருமிலர். இன்னொரு வீட்டிலே, வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு ஆயத்தமாகும் சிறுமி ஒருத்தி, ஆசிரியையின் வயலினை இரவல் வாங்கிப் பயின்று வருகின்றாள். புதிய கருவி வாங்கிக் கொடுக்கத் தந்தைக்கு வசதி போதாது. முதல் வீட்டில் பயனற்றுக் கிடக்கும் பொருளே இரண்டாம் வீட்டில் இன்றியமையாத பொருளாகின்றது. இவ்விரு வீடுகளுக்கும் இடையே பாலமாய் அமைவது யாது?

முன்னாளில் அப்பாலம் சங்கீத ஆசிரியரே. எந்த வீட்டில் எந்தக் கருவி உறங்குகின்றது என்பதை அவர் அறிவார். அதனை எடுத்துச் சுருதி கூட்டி, ஒரு வருணத்தை வாசித்துப் பார்த்து, "இஃது இந்த விலை பெறும்" என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சில்லை. விற்பவரும் வாங்குபவரும் நம்பியது ஒருவரையொருவர் அன்று. இருவரும் நம்பியது அவருடைய செவியையே.

இன்று அந்த இடத்தை இணையம் பிடித்துக்கொண்டுள்ளது. 1995 ஆம் ஆண்டிலே பியர் ஒமிடியார் என்பவர் அமெரிக்காவிற் தொடங்கிய ஏலத்தளமே பின்னர் 'இபே' எனப் பெயர் பெற்றது. இசைக்கருவிகளுக்கெனவே 'ரிவர்ப்' என்னும் தளம் 2013 இல் சிக்காகோவில் தோன்றிற்று. நம் நாட்டிலும் 'இக்மன்' முதலிய விளம்பரத் தளங்களில், வீட்டுத் தளபாடங்களுக்கு நடுவே வீணைகளும் மிருதங்கங்களும் இடம்பெறுகின்றன. இபே தளத்தில் முதன்முதல் விற்பனையான பொருள்களுள் ஒன்று பழுதுபட்ட ஒளிக்கதிர்ச் சுட்டுகோல் என்பர். அது பழுதானது என்பது தெரியுமா என்று ஒமிடியார் வினவியபோது, பழுதான சுட்டுகோல்களைச் சேகரிப்பதே தம் பழக்கம் என்று வாங்கியவர் விடையிறுத்தாராம். வேடிக்கைபோலத் தோன்றும் இந்நிகழ்ச்சியில் ஓர் உண்மை அடங்கியிருக்கின்றது. பழுது தெரிந்த பொருளுக்கும் உரிய விலை உண்டு. பழுது மறைக்கப்பட்ட பொருளே வணிகத்தைக் கெடுக்கின்றது.

அஃது எவ்வாறு கெடுக்கின்றது என்பதை ஜோர்ஜ் அக்கர்லொவ் என்னும் பொருளியல் அறிஞர் 1970 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய மோட்டார் வண்டி. ஆயினும் அது பழைய வயலினுக்கும் அப்படியே பொருந்தும். சந்தையில் இரண்டு வயலின்கள் உள்ளன, ஒன்று 60,000 ரூபா பெறுமதியானது, மற்றையது 20,000 ரூபா பெறுமதியானது என்று வைத்துக்கொண்டால், எது நல்லது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் இரண்டிற்கும் நடுவான 40,000 ரூபாவைத்தான் கொடுக்க முன்வருவார். நல்ல வயலினின் சொந்தக்காரர் அவ்விலைக்குக் கொடுக்க மனமின்றிக் கருவியை மீண்டும் அலுமாரியின் மேல் வைத்துவிடுவார். எஞ்சுவது மட்டமானது ஒன்றே. ஐயம் மிகுந்தால் நல்ல பொருள் சந்தையை விட்டு அகன்றுவிடும் என்பதே இதன் சாரம். இத்துறை ஆராய்ச்சிக்காக அக்கர்லொவ் 2001 ஆம் ஆண்டில் வேறிருவருடன் நோபல் பரிசு பெற்றார். எனவே, ஏமாற்றுக்காரன் ஒருவனால் நட்டமடைவது ஏமாந்தவர் மட்டுமன்று. நேர்மையாக விற்க வந்தவரும் நட்டமடைகின்றார். பரீட்சைக்குக் காத்திருக்கும் சிறுமியும் நல்ல கருவியை இழக்கின்றாள்.

இந்த ஐயத்தைப் போக்கும் வழி கருவியை அறிதலேயாகும். ஒவ்வொரு கருவியிலும் எளிதில் தீரும் குறையும் உண்டு. தீராத குறையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே வாங்குபவரின் முதற்கடமை.

வயலின் ஏறக்குறைய 70 துண்டுகள் சேர்ந்து அமைவது. மேற்பலகையும் பக்கப்பலகைகளும் மிருகப்பசையினால் ஒட்டப்பெற்றிருக்கும். அப்பசை வேண்டுமென்றே மரத்தைவிட வலிமை குறைந்ததாக வைக்கப்படுகின்றது. காலநிலை மாறி மரம் சுருங்கும்போது பசை விட்டுக்கொடுக்கும், பலகை தப்பிவிடும். ஆகையால் ஓரத்தில் ஒட்டு விட்டிருத்தல் பெருங்குறையன்று. விரலின் கணுவால் ஓரங்களை மெல்லத் தட்டிப் பார்த்தால், விட்ட இடம் சிலம்பி ஒலித்துக் காட்டிக்கொடுக்கும். தேய்ந்த நரம்பு, நழுவும் பிரடை, மயிர் உதிர்ந்த வில் ஆகியனவும் சிறு செலவில் சீராகக் கூடியவையே.

ஆயின் குதிரையின் ஒரு காலுக்கு அண்மையில், கூட்டினுள்ளே சிறு மரத்தூண் ஒன்று நிற்கின்றது. பசையின்றி அழுத்தத்தினால் மாத்திரமே அது நிலைபெறுகின்றது. பிரெஞ்சு மொழியில் அதற்கு 'ஆன்மா' என்றே பெயர். அத்தூண் நிற்குமிடத்தில் பலகை வெடித்திருப்பின், கருவியின் பெறுமதியிற் பெரும்பகுதி போய்விட்டதென்றே கொள்ளல் வேண்டும். கழுத்து வளைந்திருத்தலும் அத்தகையதே.

வயலினுள்ளே ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைக் கண்டு மயங்குதலும் வழக்கமாகிவிட்டது. 'ஸ்ட்ராடிவாரியஸ்' என்று அதில் அச்சிட்டிருக்கக் கண்டவர், தம் பாட்டனார் பெருஞ்செல்வம் விட்டுச் சென்றார் என்று எண்ணிவிடுவர். இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737 இல் மறைந்த அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி செய்த கருவிகளுள் இன்று எஞ்சியவை ஏறத்தாழ 650 என்பர். அவருடைய மாதிரியைப் பின்பற்றிப் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட வயலின்களிலும் அதே பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டது. அஃது இன்ன மாதிரி என்பதைக் குறித்ததேயன்றி, இன்னார் செய்தது என்பதைக் குறித்ததன்று. அச்சீட்டின் கீழே 'ஜெர்மனியிற் செய்தது' என்ற வரியும் காணப்படின் ஐயத்திற்கே இடமில்லை. இறக்குமதிப் பொருள்களிலே பிறந்த நாட்டைப் பொறிக்கவேண்டும் என்று அமெரிக்கா 1890 இல் சட்டமியற்றி, 1891 முதல் நடைமுறைப்படுத்திற்று. அவ்வரி அதன் பின்னர் வந்த வழக்கம்.

வீணையின் இயல்பு வேறு. அதன் 24 மெட்டுக்களும் கருமெழுகின்மேற் பதிக்கப்பட்டவை. மெழுகு வெப்பத்தில் இளகும். நாளடைவில் மெட்டுக்கள் இடம்பெயர்ந்து சுரம் பிசகும். இதனைக் கேட்டவுடன் வீணை கெட்டுவிட்டதென்று தள்ளிவிடுதல் அறியாமை. கைதேர்ந்த ஒருவர் மெழுகைப் புதுப்பித்து மெட்டுக்களை மீண்டும் நிறுத்திக் கொடுப்பார். குடத்தில் வெடிப்பு, தண்டியில் வளைவு, மரத்தில் உளு விழுந்த துளை ஆகியனவே அஞ்சத்தக்கவை. குடமும் தண்டியும் ஒரே மரத்திற் கடைந்த ஏகாண்ட வீணை என்று சொல்லி விலை கூட்டுவாருளர். குடமும் தண்டியும் சேருமிடத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தால் உண்மை புலப்படும்.

மிருதங்கத்திலோ தோல் தேயும், வார் தளரும், சாதம் உதிரும். இவை யாவும் மாற்றத்தக்கவை, மாற்றப்படவேண்டியவையுங்கூட. நெடுங்காலம் நிலைப்பது பலாமரக் கட்டை ஒன்றே. ஆதலால் பழைய மிருதங்கம் வாங்குபவர் தோலுக்கு விலை கொடுத்தலாகாது. கட்டைக்கே விலை கொடுத்தல் வேண்டும்.

பொருள் நல்லதாயினும் அது விற்பவருக்குச் சொந்தமானதா என்பது மற்றொரு வினா. 2010 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இலண்டன் யூஸ்ரன் புகையிரத நிலையத்தருகே, மின் ஜின் கிம் என்னும் வயலின் கலைஞருடைய 1696 ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி வயலின் களவு போயிற்று. அதன் காப்புறுதிப் பெறுமதி 12 இலட்சம் பவுண். அதன் அருமை அறியாத கள்வர், இணையச் சாலையொன்றிற் கண்ட பஸ் சாரதி ஒருவருக்கு அதனை 100 பவுணுக்கு விற்க முயன்றனர். அவர் வாங்கவில்லை. வயலின் 2013 இல் மீட்கப்பட்டது. மலிவான விலை சிலவேளை அதிர்ஷ்டமன்று, எச்சரிக்கை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சட்டம் இதிலே என்ன சொல்கின்றது? இலங்கையின் 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியது. விற்கும் உரிமை விற்பவருக்கு இருத்தல் வேண்டும். வருணித்தபடியே பொருளும் இருத்தல் வேண்டும். ஆனால் பொருள் தரமானதாய் இருக்கும் என்ற மறைமுகப் பொறுப்பு, அத்தகைய பொருளை வணிகமாக விற்பவரையே பொதுவாகச் சாரும்; வீட்டிலிருந்து ஒரு முறை விற்பவரைச் சாராது. கடையில் வாங்குபவருக்குக் கிடைக்கும் காப்பு, தனியாளிடம் வாங்குபவருக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. எனவே விளம்பரத்தில் எழுதப்பட்ட வருணனையைப் பிரதி எடுத்து வைத்தல் அவசியம். பின்னாளில் வழக்கு எழுந்தால் சாட்சி சொல்வது அவ்வெழுத்தே.

வெளிநாட்டிலுள்ள உறவினருக்குக் கருவி அனுப்புவோர் இன்னொன்றையுங் கவனித்தல் வேண்டும். பழைய வீணைகள் சிலவற்றிலே யானைத் தந்தம் பதிக்கப்பட்டிருக்கும். பழைய வயலின் விற்களின் நுனியிலும் தந்தத்தகடு இருப்பதுண்டு. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 1975 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979 இல் அதிற் சேர்ந்தது. உரிய அனுமதியின்றி அனுப்பிய கருவி சுங்கத்திலே பறிபோகலாம்.

இனி, நடைமுறை. விற்பவர் கருவியின் அளவையும் வயதையும் குறைகளையும் ஒளியாது எழுதுதல் வேண்டும். குறையைச் சொல்வதால் விலை சிறிது இறங்கலாம். நம்பிக்கை பெரிது உயரும். வாங்குபவர், அன்றைய திகதியிட்ட தாளை அருகில் வைத்துக் கருவியைப் படம் எடுத்தனுப்பும்படி கேட்கலாம். பிறர் படத்தைத் திருடி விளம்பரம் செய்பவன் அங்கேயே அகப்படுவான். நேரிற் காணுமுன் முற்பணம் அனுப்பலாகாது. பணம் அனுப்புவதாகச் சொல்லி, வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தைக் கேட்பவன் வாங்க வந்தவன் அல்லன், கொள்ளையிட வந்தவன். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், பகலிலே, வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடனழைத்துச் சென்று, ஒவ்வொரு நரம்பையும் மேலிருந்து கீழ்வரை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின்னரே விலை பேசுதல் தகும். கைமாறியதும் சிறு பற்றுச்சீட்டு ஒன்று எழுதிக்கொள்வது இருவருக்கும் நன்று. வயலினைக் கட்டி அனுப்பும்போது நரம்புகளைச் சற்றுத் தளர்த்தலாம். முற்றும் தளர்த்திவிட்டால் உள்ளிருக்கும் தூண் விழுந்துவிடும். வீணையை வெயிலில் நின்ற வண்டியினுள் விட்டுவைத்தால் மெழுகு இளகிவிடும்.

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. இணையத்தில் வாங்குபவருக்கு முதற் பகுதி முற்றிலும் பொருந்தும். படம் பொய்யாகலாம், பதிவு செய்தனுப்பும் ஒலியும் வேறு கருவியின் ஒலியாகலாம். ஆனால் எதிரில் நின்று கேட்கும் செவி எளிதில் ஏமாறுவதில்லை. இணையம் இரு வீடுகளுக்கும் வழி காட்டுகின்றது, அவ்வளவே. முன்னாளில் ஆசிரியர் செய்த பணி இன்றும் ஒருவர் செய்தே ஆகவேண்டிய பணியாக இருக்கின்றது.

அவ்வாறு செய்யப்படுமாயின், அலுமாரியின் மேலிருந்த வயலின் தகுந்த விலைக்குச் சிறுமியின் தோளை அடையும். அதனை விற்ற வீட்டார்க்கும் ஓர் ஆறுதல் கிட்டும். வாசிப்பாரற்ற கருவியில் நரம்பு துருவேறும், மரம் உளுத்துப்போகும். வாசிக்கும் கையிற் சேர்ந்த கருவியோ, முன்பு வாசித்தவரின் காலத்திற்குப் பின்னும் பேசிக்கொண்டிருக்கும்.