சிவப்பை மட்டும் விட்டுவைத்தால்

அகிரா குரோசவாவின் ‘ஹை அண்ட் லோ’ 1963இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். குழந்தையைக் கடத்தியவனுக்குக் கொடுக்கும் பணப்பைக்குள், எரித்தால் நிறப்புகை கக்கும் மருந்தைப் போலீஸ் ஒளித்துவைக்கிறது. பிறகொரு காட்சியில் நகரத்துப் புகைபோக்கி ஒன்றிலிருந்து இளஞ்சிவப்புப் புகை கிளம்புகிறது. அந்த நிறம் அலங்காரம் இல்லை, துப்பு. 30 ஆண்டுகள் கழித்து ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’டில் ஸ்பீல்பெர்க் ஒரு சிறுமியின் கோட்டுக்கு மட்டும் சிவப்பு கொடுத்தார்.

போட்டோ எடிட்டிங்கில் இதற்குச் ‘செலக்டிவ் கலர்’ என்று பெயர். நம்மூர்க் கல்யாண ஆல்பங்களில் இது ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டது: மணமக்கள் சாம்பலில், மாலை மட்டும் ரோஜாச் சிவப்பில்.

செய்முறை எளிது. கலர் படத்தின் மேல் கறுப்பு வெள்ளை லேயர் ஒன்றைப் போட்டு, நிறம் வேண்டிய இடத்தில் அதன் மாஸ்க்கைக் கறுப்பு பிரஷ்ஷால் தீட்டினால், அடியில் இருக்கும் கலர் வெளியே தெரியும்.

வில்லங்கம் ஓரங்களில்தான். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்ச அளவு தனியாகப் பதிவாகும். நிறமோ, இடத்தை மிச்சப்படுத்த, பெரும்பாலும் 4 பிக்சல்களுக்குச் சேர்த்து ஒன்றாகத்தான். நிறத்தின் நுணுக்கத்தை நம் கண் அவ்வளவாகக் கவனிக்காது என்கிற தைரியம்! முழுக் கலரில் அது தெரிவதும் இல்லை. சுற்றிலும் சாம்பலாக்கிப் படத்தைப் பெரிதாக்கினால், மாலையின் சிவப்பு சட்டைக் காலர்மீது மெல்லிய கோடாகக் கசிந்திருப்பது அகப்பட்டுவிடும்.

கையால் தீட்டச் சோம்பல்பட்டு, ‘சிவப்பை மட்டும் வை’ என்று மென்பொருளிடம் விட்டால் வேறு தொல்லை. மாநிறமோ கறுப்போ வெளுப்போ, மனிதத் தோலின் சாயல் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில்தான் வரும். குங்குமத்தைக் காப்பாற்றப் போனால் உதடு, காதுமடல், பாதிக் கன்னம் என்று திட்டுத்திட்டாக நிறம் ஒட்டிக்கொள்ளும்.

நிறத்தை முழுசாக எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சாம்பலாக்கும் வழக்கமான கணக்கு ஒன்றில் பச்சைக்கு 59%, சிவப்புக்கு 30%, நீலத்துக்கு 11% எடை. அதன்படி 255 அளவுள்ள சுத்தச் சிவப்பு 76ஆகவும், 128 அளவுள்ள பச்சை 75ஆகவும் மாறும். செம்பருத்திப் பூ இலைக்குள் தொலைந்துபோகும். பூவுக்கு மட்டும் நிறத்தைத் திருப்பிக் கொடுத்து மீட்கலாம்தான். ஆனால் முழுக் கலரே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்ததே.

ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் 1985 ஜூன் ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ அட்டையில் வந்தது. அந்தக் கண்களின் பச்சை அப்படித் தெறிப்பதற்கு முகத்தைச் சுற்றிய செம்பழுப்புச் சால்வையும் ஒரு காரணம். எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். சால்வையைச் சாம்பலாக்கிக் கண்ணை மட்டும் பச்சையாக விட்டிருந்தால் அந்த இழுப்பு போய், வெறும் வித்தை மிஞ்சியிருக்கும்.

ஆகவே பலர் இப்போது நடுவழிக்கு வந்துவிட்டார்கள். நிறத்தை அடியோடு எடுப்பதில்லை. கண்ணை இழுக்கிற பின்னணி பேனரின் மஞ்சளை மட்டும் ‘சாச்சுரேஷன்’ ஸ்லைடரில் கொஞ்சம் தணிக்கிறார்கள். எதைச் செய்தாலும் மூலக் கோப்பு தனியாக இருக்க வேண்டும். லேயர்களை ஒன்றாக்கி அதே பெயரில் ஜேபெக்காகச் சேமித்துவிட்டால், சாம்பலாக்கிய பட்டுப்புடவை மயில்கழுத்து நிறமா மாம்பழ நிறமா என்பதை எந்த எடிட்டராலும் அந்தக் கோப்பிலிருந்து மீட்டெடுக்க முடியாது.